பிராண்ட் மாத்திரையா, ஜெனரிக்கா? ரெண்டு வருஷம் ஜெனரிக் ஓட்டின வீட்டுக் கதை

எங்க அப்பாவுக்கு பிபி, சுகர் ரெண்டும் இருக்கு. பிபிக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், சுகருக்கு மெட்ஃபார்மின் 500. ரொம்ப காலமா பெரிய கம்பெனி பிராண்ட் தான் வாங்கிட்டு இருந்தோம், ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுட்டு ரெண்டையும் ஜெனரிக்குக்கு, அதாவது அதே மருந்தை வேற கம்பெனிங்க கம்மி விலைக்கு தயாரிக்கிற மாத்திரைக்கு மாத்தியாச்சு. திரும்ப பிராண்டுக்கு போற ஐடியா இல்ல, அதனால நான் ஜெனரிக் பக்கம் சாஞ்சு தான் பேசுவேன், இப்பவே சொல்லிடுறேன்.

விலையில எது ஜெயிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பேட்டன்ட், அதாவது கண்டுபிடிச்ச கம்பெனிக்கு மட்டும் இருக்குற தயாரிப்பு உரிமை, பொதுவா 20 வருஷம், அது முடிஞ்சா வேற கம்பெனிங்களும் அனுமதி வாங்கி தயாரிக்கலாம், பெரிய ட்ரையல் எல்லாம் முதல்ல இருந்து நடத்த வேண்டாம், செலவு குறையுது, அவ்ளோதான். மூணு நாள் சாப்பிடுற மாத்திரைக்கு இதெல்லாம் யோசிக்கவே வேணாம். ஆயுசுக்கும் தினம் போடுறதுக்கு தான் கணக்கு பாக்கணும்.

அடுத்து "விலை கம்மின்னா உள்ள மருந்தும் கம்மியா தானே இருக்கும்". நானும் அப்படித்தான் நினைச்சேன். அமெரிக்காவுல ஜெனரிக்குக்கு அனுமதி கொடுக்கும்போது பொதுவா அது ரத்தத்துல எவ்ளோ சேருதுன்னு பிராண்டோட ஒப்பிட்டு பாப்பாங்க, அந்த ஒப்பீடு 80-ல இருந்து 125 சதவீதத்துக்குள்ள அடங்கணும். இதை வச்சு "20 சதவீதம் மருந்து குறைவா போட்டுக்கலாம்"னு கிளப்பி விடுறாங்க, அது தப்பு. மருந்தோட அளவு அதே 5 மில்லிகிராம் தான், 80-125ங்கிறது சோதனைல வர்ற ஏத்த இறக்கத்தையும் சேர்த்து போட்ட வேலி. அங்க மருந்துக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ, 1996-ல இருந்து 2007 வரைக்கும் நடந்த 2,070 சோதனைகளை எடுத்து பாத்ததுல சராசரி வித்தியாசம் 3.5 சதவீதம் கிட்ட தான் வந்துச்சு.

பிராண்ட் பக்கமும் நியாயம் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க குடுக்குற வார்ஃபரின், வலிப்புக்கு குடுக்குற ஃபெனிடாயின், தைராய்டுக்கு போடுற லெவோதைராக்சின் மாதிரி மருந்துங்கள்ல கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் உடம்பு காட்டிக்குடுத்துடும், அதுல ஒரு கம்பெனி செட் ஆச்சுன்னா டாக்டரை கேக்காம மாத்தக்கூடாது. மெதுவா கரையுற மாத்திரைலயும் சிக்கல் வந்திருக்கு, மன அழுத்தத்துக்கு குடுக்குற புப்ரோபியான் 300 மில்லிகிராம்ல ஒரு ஜெனரிக் பிராண்டுக்கு சமம் இல்லன்னு 2012-ல எஃப்டிஏவே சொல்லிருச்சு. இன்சுலின், இன்ஹேலர் எல்லாம் எங்க வீட்டுல யாரும் எடுக்கல, அதைப் பத்தி நான் வாய் திறக்கல.

என்னைக் கேட்டா இது எல்லாத்தையும் விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதை யாருமே சொல்றதில்ல. மாத்திரையோட முகம். பிராண்ட்னா பெரும்பாலும் எத்தனை வருஷம் ஆனாலும் அதே கலர், அதே அட்டை. ஜெனரிக்ல கடைக்காரர்கிட்ட எந்த கம்பெனி ஸ்டாக் இருக்கோ அது, ஒரு மாசம் வெள்ளை வட்டம், அடுத்த மாசம் மஞ்சள் நீட்டம். மாத்தின புதுசுல வீட்டுல பழைய பிராண்ட் அட்டை ஒண்ணு மிச்சம் கிடந்துச்சு, அப்பா காலைல அதுல ஒண்ணு, புதுசுல ஒண்ணுன்னு ரெண்டையும் போட்டிருக்காரு. நாலஞ்சு நாள்ல கணுக்கால் வீங்கி, எந்திரிச்சா தலை சுத்துதுன்னு உக்காந்துட்டாரு. நான் உடனே "பாத்தியா, மட்டமான மாத்திரை"ன்னு கத்துறேன், டாக்டர் ரெண்டு அட்டையையும் வாங்கி பாத்துட்டு இது ரெண்டும் ஒரே மருந்துங்க, 10 மில்லிகிராம் போட்டிருக்காருன்னாரு. கால் வீக்கம் அம்லோடிபின் டோஸ் ஏற ஏற வர்றது தானாம். ஏம்பா இப்படி பண்ணீங்கன்னா, "அது பழைய பிபி மாத்திரை, இது டாக்டர் புதுசா சேர்த்ததுன்னு நினைச்சேன்"ங்கிறாரு. அவர் மேல என்ன தப்பு, அட்டைல பெருசா இருக்கிற பேரு வேற, கலர் வேற, மருந்து பேரு மூலைல எறும்பு சைஸ்ல.

அதனால ஜெனரிக்கோட பராமரிப்புச் செலவுன்னா இது தான், வீட்டுல ஒருத்தருக்காவது மருந்தோட நிஜப் பேரும் மில்லிகிராமும் தெரிஞ்சிருக்கணும். நாங்க ரெண்டு மருந்துக்கும் பேரு, அளவு, எதுக்கு, எப்போன்னு பெரிய எழுத்துல எழுதி மாத்திரை டப்பா மூடில ஒட்டிட்டோம். புது அட்டை வந்தா பழசு தீர்ற வரைக்கும் டப்பாக்குள்ள போகாது. கடைல முடிஞ்ச வரைக்கும் போன மாசத்து கம்பெனியே கேப்போம், இல்லன்னா பரவால்ல, பேரும் அளவும் சரி பாத்து வாங்கிக்குவோம். பேரு ஒரே மாதிரி இருந்தாலும் பக்கத்துல எஸ்ஆர், எக்ஸ்ஆர்னு ஏதாச்சும் இருந்தா அது வேற, அந்த மெதுவா கரையுற வகை, அதையும் பாக்கணும். தனியா இருக்குற வயசானவங்க, கண்ணு சரியா தெரியாது, பாத்துக்க ஆள் இல்லன்னா, காசு கூட போனாலும் ஒரே முகமா வர்ற பிராண்டே இருக்கட்டும்னு தான் நானே சொல்வேன்.

பிபி ரீடிங் மாத்துறதுக்கு முன்னாடி எப்படியோ இப்பவும் அப்படியே தான். போன வாரம் வாங்கிட்டு வந்த அட்டையை அப்பா கண்ணாடி போட்டு திருப்பித் திருப்பி பாத்துட்டு, "கலர் மாறிருச்சு, ஆனா ஆளு அதே ஆளு தான்"னு டப்பாக்கு வெளில தனியா வச்சாரு.