1746-ம் 1758-ம்: சென்னையில் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைமேல் பிரெஞ்சுப் படை வந்த இரண்டு முறை

இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே கடல்வழி வந்தபோது கோட்டைச் சுவரை ஒட்டியே வீடுகள். உள்ளே சுமார் 300 ஐரோப்பியச் சிப்பாய்கள். அதிலும் சண்டைக்குத் தேறுபவர்கள் குறைவு. சில நாள் குண்டுவீச்சிலேயே சரண். கோட்டையில் இறந்தவர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை. இதைப் போர் என்பதே அதிகம். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பெய்டனின் கப்பல்கள் வங்காளத்துக்கு நழுவியபோதே முடிவு தெரிந்துவிட்டது.

கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் கையில் இருந்த 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தபோது நிலைமை வேறு. சுவருக்கு வடக்கே வீடுகளை இடித்து வெட்டவெளி ஆக்கியிருந்தார்கள். முன்னேறுகிறவனுக்கு மறைவு இல்லை. உள்ளே 1,700-க்கு மேல் ஐரோப்பியர், 2,200 இந்தியச் சிப்பாய்கள். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் புகுந்த பிரெஞ்சுப் படை கொள்ளையிலும் சாராயத்திலும் கிறங்கிக் கிடந்த அன்றே கோட்டையிலிருந்து ஆங்கில அதிகாரி டிராப்பர் சுமார் 600 பேருடன் பாய்ந்தார். அந்தத் தெருச்சண்டையில் மட்டும் இரு பக்கமும் தலா 200 பேர் அளவில் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேன் கைதி.

பலர் இதைத் திருப்புமுனை என்பார்கள். எங்கள் கணக்கில் அது சோற்றிலும் சம்பளத்திலும் இருந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷேயின் கப்பல்கள் செப்டம்பரிலேயே மொரீஷியஸ் போய்விட்டன. வெளியே ஆங்கிலேயர் பக்கம் போரிட்ட யூசுப் கான் செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாலிக்கு வரும் தானியத்தை மறித்தார். கோட்டையோ 26,554 பீரங்கிக் குண்டுகளைச் செலவழிக்கும் அளவுக்குக் கையிருப்போடு இருந்தது. 1759 பிப்ரவரி 16 மாலை ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்ததும், லாலி பீரங்கிகளையும் காயம்பட்டவர்களையும் விட்டுவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பினார்.