முட்டாள்களின் கப்பல், மறுபதிப்பு: லூப்பில் தெரிந்தது

பதினெட்டு வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் போட்டவன் நான். புத்தகம் கைக்கு வந்தால் படிக்கிறதுக்கு முன்னால் லூப்பை, அதாவது அச்சுக்காரர்களின் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை, வைத்துப் பார்ப்பேன். சுவிட்சர்லாந்தின் பாசெலில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் பிராண்டின் ‘முட்டாள்களின் கப்பல்’ மறுபதிப்பை 42 பிராங்க் கொடுத்து வாங்கினேன். 1494-ல் யோஹான் பெர்க்மன் இதே ஊரில் அச்சிட்ட புத்தகம். அது பிறந்த ஊரிலேயே வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷம் லூப்பை எடுக்கும்வரை இருந்தது.

112 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரு வகை முட்டாள். ஜெர்மன் செய்யுள், மகள் படித்துச் சொன்னாள். எனக்கு வேண்டியது படங்கள். நூற்றுக்கும் மேல் மரக்கட்டை அச்சுகள். கையெழுத்து எதிலும் இல்லை. ஆனாலும் பெரும்பகுதி அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்தது என்பது கலை வரலாற்றுக்காரர்கள் பலரின் கணிப்பு. சும்மா புரட்டினாலே வரைந்த கை மாறுவது தெரிகிறது: சிலவற்றில் துணி மடிப்பு உடம்போடு வளைந்து போகிறது, சிலவற்றில் ஆளே பலகை மாதிரி நிற்கிறான்.

முதல் முட்டாள் யார் தெரியுமா? புத்தகம் வாங்கிக் குவிப்பவன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிரே விரித்த புத்தகத்தைப் படிக்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான். நிஜமாகவே ஈ ஓட்டுகிறான், கையில் துடைப்பம் மாதிரி ஒன்றோடு! மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இந்தப் பக்கத்தில்தான் கோபம் வந்தது. மரக்கட்டையில் கோட்டைச் செதுக்குவதில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் மரத்தைச் சீவி எடுத்துக் கோட்டை மட்டும் மேடாக நிற்க வைக்கிறார்கள். மேட்டில் மை, பள்ளத்தில் வெறும் காகிதம். நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்றே கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கி அடுக்க வேண்டும். இந்தப் பதிப்பகமோ பழைய பக்கத்தைச் சாம்பலில் ஸ்கேன் பண்ணி, ஹாஃப்டோன் ஸ்கிரீன் போட்டு, அதாவது சாம்பலைப் பொடிப் பொடிப் புள்ளிகளாக உடைத்து, அடித்திருக்கிறது. லூப்பில் பார்த்தால் கோட்டின் ஓரமெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளி. பழைய காகிதத்தின் பழுப்புகூடச் சாம்பல் புகையாகப் படிந்திருக்கிறது. லைன் ஆர்ட்டாக, அதாவது சாம்பல் இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாக, 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்திருந்தால் முடிந்திருக்கும். என் அச்சகத்தில் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம்.

அடுத்த குறை, மூலத்தில் பக்கத்தின் இருபுறமும் வரும் பூவேலைக் கரை. பல பக்கங்களில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பக்க அமைப்பைக் கெடுக்கவில்லை. பெரும்பாலான அத்தியாயங்கள் 34 வரி, இல்லாவிட்டால் 94 வரி. படம், அதன் மேலே மூன்று வரி, கீழே தலைப்பு, செய்யுள் என்று பக்கக் கணக்குக்கு அடங்கும்படி எழுதியிருக்கிறார் பிராண்ட். அந்தக் கணக்கு இதில் அப்படியே தெரிகிறது. தையல் கட்டு, விரித்தால் தட்டையாகக் கிடக்கிறது. காகிதமும் கனம். ஆனால் ஜெர்மன் நூலகங்கள் முதல் பதிப்பையே ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும்போது, படத்துக்காக மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை.

உருப்படியாக வந்த ஒரு படம், காக்கைகளைச் சுமந்து நிற்கும் கோமாளி. அவை ‘க்ராஸ், க்ராஸ்’ என்று கரைகின்றன. லத்தீனில் அதற்கு ‘நாளைக்கு’ என்று அர்த்தமாம். எல்லாவற்றையும் தள்ளிப்போடும் முட்டாள்.

பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ரசீது இருக்கிறது என்கிறாள் மகள். நாளைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.