உத்தரவு வந்தது மூன்று நாளில், கணவர் கைக்குப் போனது ஒன்பது நாளில்

நூல் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. தேதி இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவளிடம், குடும்ப வன்முறைப் புகார்களைக் கேட்டு எழுதும் பாதுகாப்பு அலுவலர், "கணவர் கடைசியாக எப்போது அடித்தார்?" என்று கேட்டபோது, "அடிக்கடி அடிப்பார் மேடம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அடிக்கடி என்று எழுதினால் அவசரம் என்று யார் நம்புவார்கள்? தேதி சொல்லுங்கள் அம்மா."

கைப்பேசியில் சிலிண்டர் வந்த குறுஞ்செய்தி இருந்தது. அதைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னதற்குத்தான் அன்று தோளில் அடி. மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு முந்தைய இரவு ஒன்று. விழாவுக்கு நான் முழுக்கை ரவிக்கை அணிந்து போனேன். அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு ஒன்று. வழுக்கி விழுந்ததாக நானே சொல்லி எழுத வைத்தது. அதை நீட்டக் கூசினேன். "அப்படிச் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதிவிடலாம்" என்று வாங்கிக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு தேதிகள். என்னைப் பற்றி அவ்வளவு கவனமாக யாரும் எழுதியதில்லை.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இப்படி ஓர் அலுவலர் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தேன். அவர்கள்தான் வழி சொன்னார்கள். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை, இரவிலும் எடுக்கிறார்கள்.

அலுவலகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். மேசைக்கு இரண்டடி தள்ளி வேறு மூன்று பேர் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பட்ட அடியைப் பற்றிச் சொல்லும்போது தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பேச ஒரு தனி அறை இல்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பாம்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு தந்த வழக்கறிஞரை அரை மனதோடுதான் பார்க்கப் போனேன். இலவசம் என்றால் இளக்காரம் என்று ஊறிப்போன புத்தி. பெண்ணுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே, வெளியே போகச் சொல்லிவிட்டால்?" என்று கேட்டேன். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்துவிட்டது, மாமனார் பெயரில் இருந்தாலும் நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்கக் கேட்கலாம் என்றார். கணவரை வெளியேறச் சொல்லிக் கேட்க முடியும், மாமியாரை வெளியேற்றச் சொல்லி 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். இப்படி முதலிலேயே முடியாததைச் சொல்கிற வழக்கறிஞர் காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கென்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அந்த ஏழு தேதிகளும் அதில் வரிசையாக ஏறின. திங்கட்கிழமை மனு, புதன்கிழமை விசாரணை. நீதித்துறை நடுவர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். கேட்டது இரண்டே கேள்விகள். "இன்றிரவு எங்கே தூங்குவீர்கள்?" என்பது இரண்டாவது. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் அழுதேன். அன்று மாலையே உத்தரவு: அடிக்கக் கூடாது, கடைக்கு வரக் கூடாது, வீட்டைவிட்டு என்னை வெளியேற்றக் கூடாது.

பிறகுதான் சறுக்கல். நோட்டீஸை இரண்டு நாளுக்குள் பாதுகாப்பு அலுவலர் எதிர்த்தரப்பிடம் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் வீட்டுக்கு நோட்டீஸும் உத்தரவும் வந்தது ஒன்பதாம் நாள். இரண்டு முறை ஆள் இல்லை என்று திரும்பிப் போனார்களாம். கணவர் மாடியில்தான் இருந்தார். அந்த ஒன்பது இரவும் நானும் மகளும் அம்மா வீட்டில். காவல் நிலையத்திலோ, "எங்களுக்கு நகல் வரவில்லையே" என்றார் எழுத்தர். எனக்கு இலவசமாகத் தந்த நகலை நீட்டினேன். "ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்" என்றார். நான்கு எடுத்தேன். ஒன்று கடை முதலாளியிடம், ஒன்று பள்ளியில், ஒன்று நிலையத்தில், ஒன்று எப்போதும் என் சாப்பாட்டுப் பையில்.

உத்தரவு கையில் கிடைத்த பிறகு கணவர் ஒரு முறைதான் கடை வாசலுக்கு வந்தார். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று முதலாளி சத்தமாகப் படித்துக் காட்டினார். போய்விட்டார். முழு வழக்கையும் 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு எட்டாவது மாதம் ஓடுகிறது, வாய்தா வாய்தாவாக.

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்தக் கழிப்பறையைத் திறந்து வைத்தால் இன்னும் அரை மதிப்பெண் தருகிறேன்.