அண்ணனுக்கு எந்த வீடு: எங்களோடா, பெரிய ஹோமிலா, சேர்ந்து வாழும் வீட்டிலா?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் நாற்பது வயதைத் தாண்டி வீட்டில் இருக்கிறார், அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்றால், அந்த வீட்டில் ராத்திரிப் பேச்சு எதில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அம்மாவுக்குப் பிறகு யார்? எங்கள் வீட்டிலும் அதுதான். அண்ணனுக்காக நாகர்கோவிலிலிருந்து குழித்துறை வரை விசாரித்ததில் கைக்கு எட்டியவை மூன்று வழிகள். வீட்டோடு வைத்துக்கொண்டு நான் பார்ப்பது, பெரிய ஹோமில் சேர்ப்பது, அப்புறம் தன்னார்வலர்களோடு சேர்ந்து வாழும் வீடு. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மூன்றாவது வழி நம் ஊரில் பலருக்குப் பழக்கமில்லாதது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டுப் பேர் இருக்கிற சாதாரண வீடு. பாதிக்கு மேல் அண்ணனைப் போன்றவர்கள், மீதி தன்னார்வலர்கள். இவர்கள் காலையில் வந்து மாலையில் பஸ் பிடித்துப் போகிறவர்கள் இல்லை. அதே வீட்டில் தூங்கி, அதே பானைச் சோற்றைத் தின்று, முறை வைத்துக் கழிப்பறை கழுவுகிறவர்கள். தங்குமிடமும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும்தான் அவர்களுக்கு. 1964-ல் பிரான்ஸில் ஒரு கிராமத்தில் ழான் வனியே என்பவர், பெரிய காப்பகத்தில் கிடந்த இரண்டு ஆண்களைக் கூட்டி வந்து தன்னோடு ஒரு சின்ன வீட்டில் வைத்துக்கொண்டதில் தொடங்கியது லார்ஷ் அமைப்பு. 1970-லேயே பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னையிலும் கோழிக்கோட்டிலும் கொல்கத்தாவிலும் உண்டு. எங்கள் அண்ணன் இருப்பது அதில் இல்லை. குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், ஏறக்குறைய அதே முறையில் நடக்கிற ஒரு வீடு.

வீட்டோடு வைத்துக்கொள்வதன் நன்மையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா வைக்கிற சாளைக்கறிக்கு ஈடு எங்கேயும் கிடையாது. ஆனால் சிறப்புப் பள்ளி வயது முடிந்த பிறகு அண்ணனின் பகல் முழுவதும் திண்ணையும் டிவியும் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பிறகு என்னோடு வருவதாகத்தான் முதலில் பேச்சு. என் மாமியார், "இஞ்ச கொண்டு வா மக்களே, நான் பாத்துக்கிடுகேன்" என்றார்கள், அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் மாமியாருக்கும் அம்மாவின் வயதுதான். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். கேள்வியை ஒரு பத்து வருஷம் தள்ளி வைப்பதாகத்தான் அது இருந்திருக்கும்.

பெரிய ஹோமைப் பற்றி அநியாயமாகப் பேசக் கூடாது. நம் மாவட்டத்தில் சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்துகிற இடங்களில் சுத்தமும் அக்கறையும் உள்ளவற்றைப் பார்த்தேன். நர்ஸ் இருக்கிறார், ராத்திரி ஆள் விழித்திருக்கிறது, வீல்சேர் போகிற மாதிரி கட்டடம் இருக்கிறது. ஹோம் என்றாலே 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததைச் சொல்லிப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது மனநோய் உள்ளவர்களை அடைத்து வைத்திருந்த இடம், இது வேறு. ஆனாலும் அந்தப் பயம் ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி எடுத்த பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது. சின்ன வீடானாலும் பெரிய ஹோமானாலும் கேளுங்கள். படுக்கையிலேயே இருப்பவர்கள், குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் நல்ல ஹோம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் நடமாடுகிறவன், என் அனுபவம் அவனோடு மட்டும்தான்.

இனி, எங்களைத் தீர்மானிக்க வைத்த விஷயம்.

அண்ணனைப் பற்றித் தெரிய வேண்டியவை ஒரு நூறு இருக்கும். பின்னாலிருந்து தொட்டால் பதறுவான். மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆனால் அவன் கண்முன்னால் எடுக்கக் கூடாது, கோபம் வரும். வலிப்பு மாத்திரையைச் சாயாவோடு கொடுத்தால் துப்பிவிடுவான், வெந்நீரோடு கொடுத்தால் விழுங்குவான். வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காதைப் பிடித்தால் வயிறு என்று அறியாத ஒருவர் அவனைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைவார். இந்த நூறும் வீட்டில் அம்மாவின் தலைக்குள் இருக்கின்றன. கூடப்பிறந்த எனக்கே பாதிதான் தெரியும். ஹோமில் பதிவேடு இருக்கிறது, எடை, மாத்திரை, கடைசியாக வலிப்பு வந்த தேதி. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அறுபது பேருக்கு நாலு பேர் ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும்போது காதும் வயிறும் எந்தப் பக்கத்தில் ஏறும்?

சேர்ந்து வாழும் வீட்டைப் பற்றி எல்லோரும் சொன்ன ஒரே குறை, தன்னார்வலர்கள் நிற்க மாட்டார்கள் என்பது. உண்மைதான். சமூகப்பணி (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்கிற பையன், பாதிரியாராகப் படிக்கிற செமினாரியிலிருந்து அனுப்பிய தம்பி, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று ஒரு வருஷம் இருப்பார்கள், அப்புறம் போய்விடுவார்கள். அம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "வாறவனும் போறவனுமா இருந்தா பிள்ளைக்கு யாரு?"

அம்மாவோடு போயிருந்த ஒரு காலையில் பதில் கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். கையில் மாத்திரையும் இன்னொரு கையில் கட்டன்சாயாவுமாக அண்ணனிடம் போனான். அடுக்களை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், அந்த வீட்டிலேயே பழைய ஆள், துருவலை வைத்துவிட்டு எழுந்து வந்து பையனின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். "சாயா இல்ல. வெந்நி முதல்ல. பொறவு மாத்திரை. பொறவு சாயா." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பையன் திரும்பச் சொல்லிக் காட்டும் வரை விடவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வருகிற வழியில் பஸ்ஸில், "அவன் பாத்துக்கிடுவான்" என்றாள். தன்னார்வலரை அல்ல, அந்தத் தேங்காய் துருவியவரைச் சொன்னாள்.

அந்த வீட்டில் நிலையாக இருப்பவர்கள் அண்ணனும் அவரும் மற்றவர்களும்தான். வந்து போகிறவர்கள் தன்னார்வலர்கள். புதிதாக வருகிறவருக்கு வீட்டைக் கற்றுக்கொடுப்பது பழையவர்களின் வேலை, அதில் அவர்களுக்கு ஒரு கௌரவமும் இருக்கிறது. ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் ஒட்டி உறைந்த பால்) பொறுக்கப் போகும்போது எந்த மரத்தடியில் அட்டை அதிகம் என்று புதுப் பையனுக்குக் காட்டிக் கொடுப்பது இப்போது எங்கள் அண்ணன். திண்ணையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன்!

இது எல்லா வீட்டிலும் தானாக நடந்துவிடாது. இங்கே இரண்டு தன்னார்வலர்கள் ஒரே சமயத்தில் போக விடமாட்டார்கள், பழையவர் போவதற்கு முன்பே புதியவர் வந்து சேர்ந்து சில வாரம் கூட இருக்க வேண்டும், வீட்டுப் பொறுப்பாளர் மட்டும் மாறுவதே இல்லை. இந்த மூன்றும் இல்லாத வீடு என்றால் நான் ஹோமையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

பிரிவு வலிக்காது என்று சொல்ல மாட்டேன். கூடவே சுற்றிய பையன் ஒருவன் போனபோது அண்ணன் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் முந்தின வாரமே அவனிடம் சொல்லிவிட்டார்கள், எல்லோருமாக மரச்சீனிக்கிழங்கு அவித்து வழியனுப்பினார்கள், பையனின் படம் சுவரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. அப்பா இறந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் அவனைப் பக்கத்து வீட்டில் கொண்டு விட்டுவிட்டார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மாதக்கணக்கில் சாயங்காலமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டையும் பார்த்தவள் நான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. லார்ஷைத் தொடங்கிய வனியேயைப் புனிதர் போலக் கொண்டாடினார்கள். அவர் 2019-ல் இறந்தார். ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் பல பெண்களை அவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை அந்த அமைப்பே விசாரித்து 2020-ல் வெளியிட்டது. பாதிக்கப்பட்டதாக அதில் சொல்லப்பட்டவர்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல. இருந்தாலும் நம்பிக்கையில் நடக்கிற சின்ன வீட்டில் ஒருவர் சொல்லே சட்டம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நாங்கள் வரலாமா, எந்த அறைக்கும் போகலாமா என்று கேட்டோம். வரலாம் என்றார்கள், அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

பணக் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அண்ணனுக்குப் போகும் என்பதால் எங்களுக்குத் தைரியம் இருந்தது. அது இல்லாத வீடுகளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். எந்த வழியானாலும் காப்பாளர் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். 18 வயது முடிந்தால் பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் வந்த மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், அதையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் அலுவலக நேரத்தில் போகாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போய், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொறுப்பாளரிடம் கேட்பதை விட அங்கே இருக்கிறவர்களிடம், இங்கே யார் ரொம்ப நாளாக இருக்கிறார்கள், புதிதாக வந்தவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேளுங்கள்.