வளைவைச் சேர்த்துத் தைப்பதா, மேலே ஒட்டித் தைப்பதா? ஒரு குஷன் உறைக்கான அலசல்

வளைவுத் தையல் பழக 16 அங்குல குஷன் உறை போதும். 8 அங்குல பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) நான்கு தைத்தால் முன்பக்கம் தயார். பிளாக், அமெரிக்கக் குயில்ட்களில் (துண்டுத்துணி ஒட்டுப்போர்வைகளில்) காலங்காலமாக வரும் ‘ட்ரங்கர்ட்ஸ் பாத்’: ஒரு மூலையில் கால்வட்டம், மற்ற இடத்தில் வெளித்துண்டு. இரண்டு துண்டையும் வளைவாக வெட்டிச் சேர்த்துத் தைக்கலாம். அல்லது கால்வட்டத்தை முழுச் சதுரத்தின் மேல் ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் தாள்) வைத்து ஒட்டி, ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டி அப்ளிக்காகச் செய்யலாம். சுவரில் மாட்டும் துணி என்றால் அப்ளிக்கே போதும். குஷனுக்கு என் ஓட்டு சேர்த்துத் தைப்பதற்குத்தான்.

அப்ளிக் வேகமானது, வளைவும் இழுபடாது, அதில் சர்ச்சையில்லை. வழக்கு துவைப்பில் இருக்கிறது. சாய்ந்து எழும்போதெல்லாம் உறை உரசப்படும், அடிக்கடி தண்ணீருக்கும் போகும். அப்ளிக்கில் வெட்டிய ஓரம் வெளியே நிற்கிறது. கால்வட்டத்தின் நடுப்பகுதி கிராஸில் (இழைகளுக்குச் சாய்வாக) விழுவதால் அங்கே அவ்வளவாகப் பிரியாது. இரண்டு முனைகளில் வெட்டு நேர் இழையோடு ஓடுகிறது. இழை முதலில் உருவிக்கொண்டு வருவது அங்கேதான். ஜிக்ஜாக்கை 2 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் அந்த இழைகள் நழுவிவிடும். 0.4 மி.மீ. நெருக்கத்தில், 3 மி.மீ. அகலத்தில் அடைத்து ஓட்டினால் பிரியாது. ஆனால் ஓரம் கயிறுபோல் விறைக்கும், மெல்லிய காட்டன் அடியில் காகிதம் வைக்காவிட்டால் சுருங்கும். கருநிறச் சதுரத்தின் மேல் வெள்ளைக் கால்வட்டம் வைத்தால் கருமை நிழலாகத் தெரியும் தொல்லை வேறு. சேர்த்துத் தைத்த பிளாக்கில் வெட்டிய ஓரங்கள் எல்லாம் மேல்துணிக்கும் பேட்டிங்குக்கும் (உள்ளே வைக்கும் பஞ்சு அடுக்கு) நடுவே அடைபட்டிருக்கும். உரசலுக்கு எட்டுவதேயில்லை.

ஓரத்தை மடித்துக் கையால் தைக்கும் அப்ளிக் துவைப்பைத் தாங்கும். பொறுமையுள்ளவர்களுக்கு அது நல்ல வழி; மெஷின் தையல் பழக அது உதவாது.

சேர்த்துத் தைப்பதில் பயமுறுத்துவது ஒன்றுதான்: வெட்டிய இரண்டு ஓரமும் ஒரே நீளத்தில் இருக்காது. தையல் கோட்டின் ஆரம் 6 அங்குலம் என்றால், கால் அங்குலத் தையல் விளிம்போடு (தையலுக்கு வெளியே விடும் துணி) கால்வட்டத்தை 6¼ ஆரத்திலும் வெளித்துண்டை 5¾ ஆரத்திலும் வெட்ட வேண்டும். ஒரு ஓரம் ஏறக்குறைய 9.8 அங்குலம், மற்றது 9. இந்த முக்கால் அங்குலச் சொச்ச வித்தியாசம் எந்த ஆரத்துக்கும் மாறாது. 3 அங்குல ஆரத்தில் 5.1-க்கு 4.3 என்று வரும். சின்ன வளைவு அடம்பிடிப்பது அதனால்தான். பழகுபவர்களை 8 அங்குல பிளாக்கில் தொடங்கச் சொல்வதும் அதற்கே.

வெட்டுவதற்கான மாதிரி அட்டை வரையும்போது காம்பஸ் ஊசியை வெட்டும் மூலையில் குத்தினால் வளைவு தப்பிவிடும். தையல் கோடுகள் சந்திக்கும் மூலையே மையம்; அதற்கு வெளியே தையல் விளிம்பு கால் அங்குலம், பிறகு வெட்டித் திருத்த இன்னொரு கால் அங்குலம்.

இரண்டு துண்டையும் இரண்டாக மடித்து, வளைவின் நடுவில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். கால்வட்டம் அடியில், வெளித்துண்டு மேலே, நல்ல பக்கங்கள் உள்ளே. முதல் குண்டூசி நடுவில், அடுத்து இரு முனைகளில், பிறகு இடைவெளிகளில். முனைகளில் நேர் ஓரங்கள் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் பிளாக் கோணிவிடும். தையல் நீளம் 2 மி.மீ. வெட்டிய ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி மேல்துணியை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் மட்டும் நிறுத்துங்கள். துணியை இழுக்க வேண்டாம். கிராஸில் இருக்கும் நடுப்பகுதி இழுத்தால் நீண்டு, பிளாக் தட்டையாகப் படியாது. வெளித்துண்டின் ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டிவிடும் பழக்கம் உண்டு. 6 அங்குல ஆரத்துக்குத் தேவையில்லை. துவைக்கும் உறையில் அந்த வெட்டுகள் தையல்வரை பிரிந்து வரலாம்.

இஸ்திரியில் தையல் விளிம்பை வெளித்துண்டின் பக்கம் மடியுங்கள். கால்வட்டத்தின் பக்கம் மடித்தால் உபரி ஓரம் அலையலையாகக் குவியும். பிறகு பிளாக்கை 8½ அங்குலமாகத் திருத்துங்கள்; சுற்றிலும் தையல் விளிம்பு போக 8 அங்குலம் நிற்கும்.

நான்கு கால்வட்டங்களையும் முழுவட்டமாகச் சேர்க்கத் தோன்றும். முதல் உறையில் வேண்டாம்: நான்கு இணைப்பிலும் வளைவு நூல் பிசகாமல் பொருந்த வேண்டியிருக்கும். எல்லாக் கால்வட்டமும் ஒரே பக்க மூலையில் நிற்கட்டும். வளைவு எங்கும் வளைவைச் சந்திக்காது, அரைக்கால் அங்குலப் பிசகை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இவ்வளவும் பாப்ளின் வகைக் காட்டனுக்கு. நெருக்கமாக நெய்த பாட்டிக்கில் அப்ளிக் ஓரமும் கூடுதல் நாள் நிற்கும். பட்டுக்கு இதே தீர்ப்பை அடித்துச் சொல்ல மாட்டேன். பின்பக்கத்துக்கு 16½ × 11½ அங்குலத்தில் இரண்டு துண்டு; தலா ஒரு நீள ஓரத்தில் ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் நடுவில் நாலரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஜிப் தேவைப்படாது.