‘ஈசியு ரீமெப்’ என்று 85,000 ரூபா: டிடி5 டிபென்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

கொழும்பில் பழைய லான்ட் ரோவர் ஓட்டுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஒருதடவை சீட்டைத் தூக்கிப் பாருங்கள். என்னுடையது 2000ஆம் ஆண்டு டிபென்டர், டிடி5 எஞ்சின். ரீமெப், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதுவதாகச் சொல்லி 85,000 ரூபா வாங்கினார்கள். சீட்டுக்கு அடியிலிருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசியுவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கராஜின் பெயரைப் போடவில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்குத் தேவை.

வண்டியில் இருந்த குறை சின்னது. ஐட்லிங்கில் மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கும், மிதித்தால் சில நேரம் திக்கும். கராஜ்காரத் தம்பி ஸ்கேனரைக் குத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது இருபது வருஷத்துக்கு மேல பழைய புரோகிராம். இப்ப வாற டீசலுக்கு ஒத்து வராது. புதுசு ஏத்தினா மிஸ்ஸிங்கும் போகும், பிக்கப்பும் வரும்” என்றார். கம்பெனியிலிருந்து வரும்போது 122 குதிரை வலு. அதை 170க்குக் கொண்டுபோய்த் தருவாராம். லெப்டொப்பில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடின. நூறு வீதம் என்று வந்ததும் வயரைக் கழற்றினார். பிறகு, “கொஞ்சம் செட்டிங் இருக்கு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே” என்று என்னை அனுப்பிவிட்டார். வந்து ஓட்டிப் பார்த்தால் டர்போ சத்தம் கூடியிருந்தது, கொஞ்சம் உதைப்பும் தெரிந்தது. ரசீதில் எழுதியிருந்தது ‘கம்ப்யூட்டர் வேலை’, அவ்வளவுதான்.

மிஸ்ஸிங் போகவில்லை. “ஈசியு புதுசைப் பழகணும், ஓடஓடச் சரியாகும்” என்றார்கள். குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறியை முந்த முழுதாக மிதித்தேன். பாதி முந்திய இடத்தில் யாரோ சாவியைத் திருப்பிவிட்ட மாதிரி இழுவை அப்படியே செத்தது. எதிரே பஸ் வருகிறது. பிரேக் பிடித்து லொறிக்குப் பின்னால் ஒதுங்கினேன். காசு போனதைக் கூட மறந்துவிடலாம், இதை மறக்க முடியாது.

அதற்குப் பிறகு மாளிகாவத்தைப் பக்கம் லான்ட் ரோவர் வேலை தெரிந்த ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் லெப்டொப்பைத் தேடவே இல்லை. சீட்டைத் தூக்கி ஈசியுவின் ஸ்டிக்கரைத் துடைத்தார். இலக்கம் எம்.எஸ்.பி. என்று தொடங்கியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிடி5 எஞ்சின் 1998 தொடங்கி 2007 வரை டிபென்டரில் வந்தது. முதல் வருடங்களில் வந்தவற்றின் ஈசியு எம்.எஸ்.பி. வகை, பிந்தியவை என்.என்.என். வகை. பிந்திய வகையில் ஸ்கேனர் பூட்டும் போர்ட் வழியாகவே புது மெப்பை, அதாவது புரோகிராமை, எழுதலாம். முந்திய வகையில் அது நடக்காது. பெட்டியைத் திறந்து, போர்டிலிருக்கும் சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி, வேறு மெப் எழுதிய சிப்பைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் என்.என்.என். பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டு, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரைப் பழக்கி, டீசலைப் பீச்சும் ஐந்து இன்ஜெக்டரின் கோட்களையும் அதில் பதிய வேண்டும். என் வண்டியில் பெட்டியும் மாறவில்லை, ஸ்குருக்களில் தூசு படிந்தது படிந்தபடியே கிடந்தது. ஆக, அந்த நூறு வீதம் எங்கே ஏறியது என்று அந்தத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் உதைப்பு எப்படி வந்தது? நானா டர்போவைக் காட்டினார். டர்போ அழுத்தம் கூடாமல் திறந்துவிடும் வாசலான வேஸ்ட்கேட்டை அசைக்கும் ராடின் லொக் நட்டில் புதிதாக ஸ்பெனர் பட்ட தடம். ராடைக் குட்டையாக்கினால் வேஸ்ட்கேட் பிந்தித்தான் திறக்கும், டர்போ அழுத்தம் கூடும். ஈசியு அந்த அழுத்தத்தை ஒரு சென்சர் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. எல்லை தாண்டினால் எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். கடுகண்ணாவையில் நடந்தது அதுதான். டர்போ அழுத்தம் மீறியதென்று ஸ்கேனரிலும் பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. “இதுக்கு லெப்டொப் என்னத்துக்கு தம்பி, ஒரு ஸ்பெனர் போதும்” என்று நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஸ்ஸிங்குக்கு வருவோம். ஈசியுவில் சிவப்புப் பிளக் ஒன்று இருக்கிறது, இன்ஜெக்டர் வயர்கள் போவது அதற்குத்தான். கழற்றினால் உள்ளே எஞ்சின் ஒயில். டெப்பட் கவருக்குள் இருக்கும் இன்ஜெக்டர் ஹார்னஸ் என்ற வயர்க்கட்டு பழசானால் வயருக்குள்ளாலேயே ஒயில் ஊறி ஈசியு வரை வந்துவிடும். உலகம் முழுக்க டிடி5காரர்களுக்குத் தெரிந்த வியாதி இது. ஹார்னஸை மாற்றி, பிளக்கைக் கிளீனர் அடித்துத் துடைத்ததோடு குலுக்கம் நின்றது. வயரில் மிச்சமிருக்கும் ஒயில் இன்னும் கொஞ்ச நாள் ஊறும், இடைக்கிடை துடைக்கச் சொன்னார். ராடையும் பழைய அளவுக்கு வைத்தார். எல்லாம் சேர்த்து ரீமெப்புக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்புகளை எல்லோரும் தங்கம் மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கேனர் ஒன்று வாங்கியவனெல்லாம் ‘டியூனர்’ ஆனது அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அப்படியானவர் மெப்பைப் பற்றிப் பேசமுதல் கிளச் எப்படி, இன்டர்கூலர் ஹோஸில் கசிவு உண்டா, எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் வளைந்து ஸ்டட் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சிவப்புப் பிளக்கைக் கழற்றாமல் டிடி5க்கு ரீமெப் பேசுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய மெப்பின் பிரதியைக் கையில் கேளுங்கள். தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரசீதில் ஈசியு இலக்கமும் செய்த வேலையும் விபரமாக இருக்க வேண்டும்.

கராஜில் போய்க் கேட்டதற்கு, “சொஃப்ட்வெயருக்கு கெரண்டி இல்லண்ணே” என்றார்கள். ஏற்றவே ஏற்றாத சொஃப்ட்வெயருக்கு! நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ரசீது, பிழைக் குறியீட்டின் படம், தூசு படிந்த ஈசியுவின் படம் எல்லாம் இணைத்து. அவர்களின் துரித இலக்கம் 1977. உங்களுக்கும் இப்படி ‘கம்ப்யூட்டர் வேலை’ நடந்திருந்தால், அடுத்த முறை மலைநாட்டுப் பக்கம் போகமுதல் அந்த ராடையும் லொக் நட்டையும் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.