இரண்டரை வருடம், மூன்று இயற்கணிதப் பாடத்திட்டங்கள்: வீட்டில் படிக்கும் மகளோடு எங்கள் அனுபவம்

மகளுக்கு அப்போது 13 வயது. வீட்டிலேயே படிக்கிறாள். இயற்கணிதத்துக்கென்று இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றுக்குச் சந்தா கட்டியிருந்தோம். ஒரு வீடியோ, அதன் கீழே பத்துக் கேள்விகள். எட்டு சரியாக வந்தால் பச்சை டிக் விழும், அடுத்த பாடம் திறக்கும். ஐந்து மாதத்தில் பாதிப் பாடங்கள் முடிந்துவிட்டன. திரை முழுக்கப் பச்சை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

இணையம் வராத ஒரு நாளில், சும்மா இருப்பானேன் என்று ஒரு தாளில் கணக்கு ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: 5 − 2(எக்ஸ் − 4) = 3எக்ஸ் − 2. பத்து நிமிடம் கழித்துத் தாளோடு வந்தாள். "அப்பா, நீங்க கொடுத்த கணக்கே தப்பு. எக்ஸே காணாமப் போச்சு." வாங்கிப் பார்த்தேன். முதலில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்றாக்கியிருக்கிறாள். அப்புறம் 3எக்ஸ் − 12 = 3எக்ஸ் − 2. இரண்டு பக்கமும் 3எக்ஸை நீக்கினால் −12 = −2. கணக்கு தப்பென்று அவள் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. (விடை 3.)

இதே வகைக் கணக்குகள் இருந்த பாடத்தை இரண்டு மாதம் முன்புதான் பத்துக்குப் பத்து எடுத்து முடித்திருந்தாள். எப்படி என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: "நாலு ஆப்ஷன் இருக்குமே, ஒவ்வொண்ணா எக்ஸுக்குப் போட்டுப் பார்ப்பேன்." கெட்டிக்காரத்தனம்தான், குற்றம் சொல்ல மாட்டேன். விடையைச் சரிபார்க்க நன்றாகவே கற்றிருக்கிறாள். தீர்க்கத்தான் கற்கவில்லை. அந்தத் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது.

இரண்டரை வருடம் முன்பு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் கணித ஆசிரியர் இல்லை. பள்ளியில் சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேறிய ஆள்.

அந்தத் தாளுக்குப் பிறகு செய்த முதல் வேலை, நுழைவுநிலைத் தேர்வு. பிள்ளை எந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டுவது. பெரும்பாலான பாடத்திட்டங்கள் இதை இலவசமாகவே தருகின்றன. வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. வயதைப் பார்த்து வாங்கியது என் தவறு. தாளில், கால்குலேட்டர் இல்லாமல், பக்கத்தில் யாரும் உட்காராமல் எழுத வைத்தேன். மதிப்பெண்ணைவிட அவள் எழுதிய வரிகள்தான் அதிகம் பேசின. இயற்கணிதத்தில் அவளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பின்னங்களில் இருந்தது. ஆறால் வகுப்பதும் ஆறில் ஒரு பங்கு எடுப்பதும் ஒன்றுதான் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. (எக்ஸ் + 6) என்பதை 6ஆல் வகுக்கச் சொன்னால் மேலும் கீழும் உள்ள ஆறை அடித்துவிட்டு எக்ஸ் என்று எழுதினாள். எக்ஸுக்கு 6 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 12ஐ ஆறால் வகுத்தால் 2, அவள் விடையின்படி 6. அரை நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் பின்னங்களும் குறை எண்களும் மட்டும். 13 வயதுப் பெண்ணுக்கு 'சின்னப் பிள்ளைக் கணக்கு' போடுவது அவமானமாக இருந்தது. முகம் தூக்கிக்கொண்டேதான் போட்டாள். அந்த ஆறு வாரத்தை வீணென்று நான் நினைத்தது அப்போது. பின்னர் காரணிப்படுத்தலும் விகிதமுறு கோவைகளும் வந்தபோது, அந்த ஆறு வாரம் இல்லாவிட்டால் அங்கேயே குடியிருந்திருப்போம் என்று தெரிந்தது.

இரண்டாவதாக வாங்கியது அச்சுப் புத்தகம். படிப்படியாக ஏறும் வகை. ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் பாடம், பிறகு முப்பது கணக்குகள். அவற்றில் நாலைந்துதான் அன்றைய பாடம், மீதி எல்லாம் பழைய பாடங்களிலிருந்து கலந்து வரும். நேர்க்கோட்டின் சாய்வைப் படித்துக்கொண்டிருக்கும் அன்றுகூட அடுக்குக்குறியில் ஒன்று, விகிதத்தில் ஒன்று, ஒருங்கமைச் சமன்பாட்டில் ஒன்று இருக்கும். பார்க்க வறட்டுப் புத்தகம். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. மகள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

ஆனால் மறதிக்கு அதுதான் மருந்தாக இருந்தது. முந்தைய திட்டத்தில் ஒரு அத்தியாயம் முடிந்தால் முடிந்ததுதான், அது திரும்ப வராது. அத்தியாயத்தின் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும் என்பதும் உண்டு. 'காரணிப்படுத்துதல்' என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்கு இருந்தால், எதைச் செய்ய வேண்டும் என்று யோசிக்க வேண்டியதே இல்லையே. கலந்து வந்தால் முதல் கேள்வியே 'இது என்ன வகை?' என்பதுதான். அந்தக் கேள்வியைத் தினமும் முப்பது முறை கேட்டுப் பழகியதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம்.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது கணக்கு போட ஒன்றரை மணி நேரம் ஆனது. பாவம் என்று ஒற்றைப்படை எண் கணக்குகளை மட்டும் போடச் சொன்னேன். மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு வந்த ஒரு தேர்வில் ஒரு வகை மொத்தமும் தவறு. பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால், அந்த வகை பல பாடங்களில் இரட்டைப்படை எண்களில்தான் வந்திருக்கிறது. ஒரே வகைக் கணக்குகள் அடுக்கி வரும் புத்தகத்தில் பாதியை விட்டால் ஒன்றும் கெடாது. கலந்து வரும் புத்தகத்தில் அப்படி வெட்டக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு பாடத்தை இரண்டு நாளாகப் பிரித்தோம். அந்த ஒரு மாற்றத்தில் வீட்டில் சண்டை பாதி குறைந்தது.

வேகத்தைப் பற்றி: நாங்கள் கடைசியில் பாட எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கடிகாரத்துக்கு மாறினோம். தினம் 45 நிமிடம். மணி அடித்தால் நடுக்கணக்கானாலும் நிறுத்தம். புத்தகம் ஒரு வருடத்துக்கு 120 பாடம் என்று அட்டவணை போட்டிருந்தது. எங்களுக்கு 14 மாதம் ஆனது. வரைபடத்தில் நேர்க்கோடுகள் பகுதியை மூன்றே வாரத்தில் தாண்டினாள். டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியில் ஸ்லைடரை இழுத்து இழுத்துச் சாய்வும் வெட்டுத்துண்டும் என்ன செய்கின்றன என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள், நான் வாய் திறக்கவில்லை. மாறாக, வாசகக் கணக்குகளில் இரண்டரை மாதம் தேங்கினோம்.

வாசகக் கணக்கு என்றதும் பலரும் மொழிதான் சிக்கல் என்பார்கள். எங்களுக்கு அது இல்லை. 'ஒரு ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள்' என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னேன். மாணவர் எண்ணிக்கைக்கு 'மா', ஆசிரியர் எண்ணிக்கைக்கு 'ஆ'. அவள் எழுதியது 6மா = ஆ. படித்துப் பார்த்தால் வாக்கியத்தை அப்படியே எழுதியதுபோல் இருக்கும், ஆனால் தலைகீழ். பத்து ஆசிரியர், அறுபது மாணவர் என்று போட்டால் 360 = 10. வளர்ந்தவர்களும் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. எழுத்தை எண்ணாகப் பார்க்காமல் ஆளின் பெயர்ச்சுருக்கமாகப் பார்ப்பதால் வருவது. அதிலிருந்து ஒரு கட்டாயம் வைத்தோம்: கணக்கைத் தொடங்கும் முன் 'மா என்பது மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும், 'மா = மாணவர்' என்று எழுதக் கூடாது. சமன்பாடு எழுதியதும் ஏதாவது எண் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் திட்டத்தில் ஆப்ஷன் போட்டுப் பார்த்த பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது.

சமக்குறி இன்னொரு தலைவலி. 3 + 4 = 7 × 2 = 14 என்று ஒரே வரியில் ஓட்டுவாள். அவளுக்குச் சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அர்த்தம். இந்தக் குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் தன் நூலில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு இரண்டு பொருள் இருக்க முடியாது என்றுதான் காரணம் சொன்னார். இந்தக் கதையைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு. சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, ஒன்றன் கீழ் ஒன்றாக, என்று ஒப்புக்கொண்டாள். தாள் கூடுதலாகச் செலவாகிறது. பரவாயில்லை.

தவறுகளுக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்தோம். மூன்று பத்திகள்: பார்த்து எழுதியதில் தவறு, குறியில் தவறு, புரியாமல் தவறு. எண்பது சதவீதம் சரியென்றால் அடுத்த பாடம் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் மீதி இருபது எப்படிப்பட்டது என்பதைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்புவது ஆபத்து. தவறுகள் சிதறிக் கிடந்தால் தொண்ணூறுக்குக் கீழே இருந்தாலும் போகலாம். எல்லாமே பிராக்கெட்டுக்கு முன்னால் மைனஸ் வரும் கணக்குகளாக இருந்தால், 95 இருந்தாலும் நின்றுவிடுவோம். தவறானதை அன்றே திருத்த மாட்டோம், மறுநாள் காலையில் வெற்றுத்தாளில் மறுபடி போடுவாள். அன்றே திருத்தினால் என் முகத்தைப் பார்த்துத் திருத்துகிறாள் என்று எனக்கொரு சந்தேகம்.

திருத்தும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. விடைகள் மட்டும் உள்ள புத்தகத்தைவிடப் படிகளோடு தீர்வு தரும் புத்தகம் பெற்றோருக்கு மிகவும் உதவும். இல்லாவிட்டால் மாலையில் நீங்களும் முப்பது கணக்கு போட வேண்டும். மூன்று மாதம் கழித்து அவளையே திருத்திக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாள் அவள் விடை, புத்தக விடை இரண்டும் −17. பொருந்துகிறது, சரி. ஆனால் எனக்கு 17 வந்தது. இரண்டு முறை போட்டேன், 17தான். புத்தகத்தில் அச்சுப்பிழை! அதே அச்சுப்பிழை அவள் நோட்டிலும் இருந்தது. திட்டவில்லை. தீர்வுப் புத்தகம் மட்டும் என் அலமாரிக்கு இடம் மாறியது.

மூன்றாவது திட்டம் கடினமான வகை. விளக்கம் சொல்லாமல் நேரே கணக்கைக் கொடுத்து, முட்டி மோதிக் கண்டுபிடிக்க வைப்பது. புகழ்ச்சிகளைப் படித்துவிட்டு, முழுவதுமாக அதற்கே மாறிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மூன்றாவது வாரம் கண்ணீர். ஒரு கணக்கில் நாற்பது நிமிடம் நிற்பது சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இவளுக்கு அது தண்டனை. ஆனால் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அதிலிருந்து இரண்டே கணக்கு, நானும் அவளும் ஒரே மேசையில் சேர்ந்து. நானும் திணறுவதைப் பார்ப்பதில் அவளுக்குத் தனி மகிழ்ச்சி.

இருபடிச் சமன்பாடு வந்தபோது மூன்று திட்டங்களுமே சூத்திரத்துக்கு அவசரப்பட்டன என்பது என் குறை. சூத்திரத்தை ஒரே நாளில் ஒப்பித்துவிட்டாள், எதற்கென்றுதான் தெரியவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய பழைய கணக்கை எடுத்தோம். அவர் நூலின் தலைப்பில் இருந்த 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆனது. கணக்கு: எக்ஸ் வர்க்கம் + 10எக்ஸ் = 39. தாளை வெட்டினோம். எக்ஸ் பக்கமுள்ள சதுரம் ஒன்று. பத்தைப் பாதியாக்கி, ஐந்து அகலத்தில் இரண்டு செவ்வகங்கள், சதுரத்தின் இரு பக்கமும். மூலையில் ஒரு ஓட்டை. அது ஐந்துக்கு ஐந்து, 25. ஓட்டையை அடைத்தால் மொத்தம் 39 + 25 = 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஆக எக்ஸ் 3. 'வர்க்கம் பூர்த்தி செய்தல்' என்ற பெயரே அந்த மூலைத் துண்டுதான் என்று அவள் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நிமிடமே கேள்வி: "சூத்திரத்தில போட்டா −13னும் வருதே, அது தாள்ல எங்கே?" அல்-குவாரிஸ்மியும் அதைச் சொல்லவில்லை, மிகை விடை மட்டும்தான் சொன்னார். −13 நீளத்துக்குத் தாள் வெட்ட முடியாதே. இந்தப் பேச்சிலேயே அன்றைய 45 நிமிடம் போய்விட்டது. அட்டவணையில் ஒரு நாள் பிந்தியது. இரண்டரை வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாளும் அதுதான்.

இப்போதைய ஏற்பாடு: அச்சுப் புத்தகம் முதுகெலும்பு, வெள்ளிக்கிழமை கடினப் புத்தகம், எங்காவது சிக்கினால் கான் அகாடமியின் இலவச வீடியோ ஒன்று. முதல் திட்டத்தின் சந்தா எப்போதோ முடிந்தது. எந்தத் திட்டம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், மாதிரிப் பாடம் மூன்றைத் தாளில் போட வைத்துப் பாருங்கள் என்பேன். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள். மூன்று மாதத்தில் முடிவு தெரிந்துவிடும்.

அவளுக்கு இப்போது பதினைந்தரை. முதல்நிலை இயற்கணிதம் முடிந்து, இந்த வருடம் வடிவியல். ஒரு வருடம் இயற்கணிதத்தைத் தொடாமல் விட்டால் மறந்துவிடும் என்ற பயத்தில், வாரம் ஒரு நாள் பழைய புத்தகத்திலிருந்து கலவைப் பக்கம் ஒன்று போடுகிறோம். போன வாரம் முப்பதில் 26. தவறான நாலில் மூன்று, பிராக்கெட்டுக்கு முன்னால் மைனஸ்.